வெள்ளைக்கார மணப்பெண்களுக்கு நடுவே ஒரு மரக்காணத்துக் கல்யாணம்

2005இல் மரக்காணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. டிஜிட்டல் கேமரா வாங்கிய பெருமையில், நெகட்டிவ் என்றாலே உதட்டைச் சுழிப்பேன். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டார். எடுத்த படமெல்லாம் கம்ப்யூட்டரில். ஆல்பம் போடுவதற்குள், கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டது.

மெமரி கார்டை அடுத்த காதுகுத்துக்காக அழித்தாகிவிட்டது. மாப்பிள்ளை துபாய்க்குப் போய்விட்டார். இல்லையென்றால் இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்லிக் கேட்டிருப்பேன், அந்த அளவுக்குப் புத்தி பேதலித்திருந்தது. பெண்ணின் அப்பா வரும்போதெல்லாம் நான் பின்னறைக் கட்டிலுக்கு அடியில் கிடப்பேன். "திண்டிவனம் போயிருக்காருங்க" என்று என் மனைவி முகம் மாறாமல் சொல்லி அனுப்புவாள்.

டிஸ்க்கை மடியில் கட்டிக்கொண்டு, குயிலாப்பாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த நண்பனிடம் ஓடினேன். அவன் மீட்டுவிட்டான். ஆனால் ஆயிரக்கணக்கான படங்கள், பெயரெல்லாம் போய் வெறும் நம்பராக. திறந்தால் பட்டன், அம்புக்குறி, ரோஜாப்பூ, கவுன் போட்ட வெள்ளைக்கார மணப்பெண்.

"டேய், யார் கல்யாணம்டா இது?" என்று அலறினேன்.

"கத்தாத. உன் ஆல்பம் சாஃப்ட்வேரோட வந்த சாம்பிள் போட்டோ."

"இதுல என்னுத எப்படிடா தேடுறது?"

"உன்னுதத் தேட வேணாம். உன்னுது இல்லாததக் கழிச்சாப் போதும்."

ஃபைலுக்குள் இருப்பதைக் கணக்குப் போட்டால் எழுத்தும் எண்ணுமாய் ஒரு நீள வரிசை வரும். ஹாஷ் என்பார்கள். பெயர் போனாலும் அது மாறாது, கைரேகை மாதிரி. என் ஆல்பம் சாஃப்ட்வேரை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, அதன் ஃபைல்களுக்கெல்லாம் நண்பன் ஹாஷ் எடுத்தான். மற்ற சாஃப்ட்வேர்களுக்கு, யாரோ உட்கார்ந்து தொகுத்து இணையத்தில் இலவசமாய் வைத்திருந்த ஹாஷ் பட்டியல் கிடைத்தது. மீட்ட படங்களில் இவற்றோடு ஹாஷ் பொருந்தியதெல்லாம் என்னுடையது இல்லை என்று தனி ஃபோல்டருக்குப் போனது. மரக்காணத்தில் ஒருவன் தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டது அந்த முகம் தெரியாதவர்களுக்குத் தெரிந்திருக்காது. இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

மிஞ்சியதில் முதல் படம் நான்தான். கேமராவைத் திருப்பிப் பிடித்து, வாயைப் பிளந்தபடி ஃபிளாஷ் சோதித்தது.

"இந்த மூஞ்சி எந்த சாஃப்ட்வேர்லயும் வராது" என்றான்.

அடுத்த படத்தில் பெண்ணின் அப்பா, தாலி ஏறும் நேரத்தில், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. துண்டு இல்லை, நண்பன் சட்டைதான் கிடைத்தது.

ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் அப்பா, தான் கண் துடைக்கும் படம் இருந்த பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "ஏம்பா, திண்டிவனத்துல அப்படி என்ன வேலை உனக்கு?" என்றார்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "ஒட்டடை அடிக்கிற வேலைங்க, கட்டிலுக்கு அடியில!"