போகஸ் என்று நான் அடித்த சொல்

அப்போது கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் இங்கிலீஷ் டைப்பிஸ்டாக இருந்தேன். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் போராடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்களுக்கு வந்த வேலையில் பாதி, சாதிச் சான்றிதழ்கள் உண்மைதானா என்று பார்த்துச் சொல்வது. மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டு ஆட்கள் சிலர் மலைவாசி என்று பொய் சொல்லி வாங்கியிருந்தார்கள். அதனால் நிஜமான மலைக்காரர்கள் மேலும் சந்தேகம் விழுந்திருந்தது.

வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. அவள் சான்றிதழும் எங்களிடம் வந்தது. விசாரணைக்கு நாள் குறித்து அவள் அப்பாவுக்குக் கடிதம் அடித்தது நான்தான். அந்த நாள் பார்த்துச் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டில் குறுக்கே தள்ளியிருந்தார்கள். ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. வெட்டியவர்களில் என் சித்தப்பா மகனும் இருந்தான். எனக்கு அலுவலகம் நடக்கிற தூரம், போய்விட்டேன். அதிகாரியும் வந்திருந்தார். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, "ஆள் வரல. பழைய ஆர்டர் ஒண்ணு இருக்குமே, அத மாதிரியே அடிச்சிடு" என்றார்.

பழைய ஆர்டர் உண்மையிலேயே ஏமாற்றிய ஒருவருடையது. சான்றிதழ் 'போகஸ்' என்று அதில் இருந்தது. பெயரையும் ஊரையும் மாற்றி அப்படியே அடித்தேன். கை தயங்கியது என்று சொன்னால் பொய்.

மறுநாள் மத்தியானம் அப்பாவும் பெண்ணும் வந்து நின்றார்கள். முந்தின நாள் விடியலில் கிளம்பி, நடந்தே மலையிறங்கி, கச்சிராயபாளையத்தில் படுத்திருந்துவிட்டு வந்திருந்தார்கள். ஆர்டரின் நகலைக் கொடுத்தேன். பெண் எழுத்தெழுத்தாகப் படித்து அந்தச் சொல்லில் நின்றாள்.

"இதுக்கு இன்னா சார் அர்த்தம்?"

"போலின்னு அர்த்தம்மா."

"இன்னாங்க போலி? கையெழுத்தா?" என்றார் அப்பா.

"இல்லீங்க. கையெழுத்து சரியாதான் கீது."

"சீலா?"

"சீலும் நெஜந்தாங்க."

"அப்ப நாங்க மலைக்காரங்களே இல்லன்றாங்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டிக்‌ஷனரியை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனேன்.

"சார், போர்ஜ்டுன்னா கள்ளக் கையெழுத்து. போகஸ்னா ஆளே ஏமாத்துனதா ஆயிடும். இவங்க நேத்து வரல, அவ்ளோதான். நாட் வெரிஃபைடுன்னு மாத்தி அடிக்கட்டுங்களா?"

அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "எல்லாம் ஒண்ணுதாம்பா. காலைல காலேஜுக்குத் தபால்ல போயிடுச்சி. மேல அப்பீல் போவச் சொல்லு."

அப்பீலை நானே எழுதினேன். வேலை பார்க்கும் இடத்துக்கு எதிராக எழுதுகிறேன் என்ற பயத்தில், ஞாயிற்றுக்கிழமை நான் முன்பு படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் போய் அடித்தேன். கையெழுத்து நிஜம், முத்திரை நிஜம், பஸ் இல்லாததால் விசாரணைக்கு வர முடியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பஸ் ஏன் இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

படிப்பு ஆரம்பித்தது. அவள் இடம் வேறொருத்திக்குப் போயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து மேலிடத்து உத்தரவு வந்தது: சான்றிதழ் 'ஜெனியூன்'. அதை வெள்ளிமலைக்கு அனுப்பும் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை வந்ததும் தாளை உருவிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து அடித்தேன். அதனால் யாருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பாவைப் பார்த்தேன். அவரே கிட்டே வந்து கும்பிட்டார்.

"பேப்பர் வந்துச்சி சார். நல்லபடியா எழுதிகீறாங்களாமே?"

"ஆமாங்க. பொண்ணு இன்னா பண்ணுது?"

"சாமை அறுக்கப் போய்க்கினு கீது. இந்த வருசம் நர்சுக்கு மறுபடி எழுதிப் போட்டுச்சி. வயசு ஜாஸ்தியாயிடுச்சின்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். வெள்ளிமலை பஸ் உள்ளே நுழைந்தது. சீட்டுப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடினார்.