நத்தைகள் இறங்கும்வரை

எங்கள் வீட்டில் ஆண்கள் இரண்டு பேர். உழைப்பதற்கு அண்ணன், பேசுவதற்கு நான். சாவு வீட்டில்கூட என்னை ஓரமாகத்தான் உட்கார வைப்பார்கள். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் சிரித்துத் தொலைப்பான் என்று பயம். அந்த வாய் அடைத்துப்போனது என் குழந்தை இறந்த அன்று. வெகுகாலம் காத்திருந்து, தலை நரைக்கிற வயதில் கிடைத்த பிள்ளை. ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

பச்சைக் குழந்தையை எங்கள் பக்கம் எரிப்பதில்லை, சொந்த நிலத்தின் ஓரத்தில் புதைப்பார்கள். வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில், மைசூர் எல்லையை ஒட்டி எங்கள் நிலம். கிணற்றுக்கு மேற்கே நின்ற வாகை மரத்தடியில் அண்ணனும் நானும் குழி வெட்டினோம். நரி தோண்டாமல் இருக்க மேலே கல் அடுக்கினோம். என் மனைவி வரவில்லை, பெண்கள் வருகிற வழக்கம் இல்லை. அதன்பின் அவள் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினமும் புல் அறுக்கப் போவதாகச் சொல்லிக் கூடையோடு வாகை மரத்தடிக்குப் போனாள். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது, புல் ஏது? வெறுங்கூடையோடு திரும்புவாள்.

ஒருநாள் நானும் பின்னாலேயே போனேன். மரம் இலை கொட்டி நின்றது. காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலத்தன. அவள் அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை முழுக்க நத்தைகள். வயலில் கிடக்கும் மண்நிற நத்தை இல்லை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, கூம்பு போன்ற ஓடு. வெள்ளையில் சுற்றிச் சுற்றிப் பழுப்புக் கோடு. சிலதில் கோட்டுக்கு நடுவே மஞ்சள். உச்சியில் மட்டும் யாரோ நாவற்பழத்தைத் தேய்த்துவிட்ட மாதிரி ஊதா. ஒன்றும் அசையவில்லை.

"இதுங்க உசுரோட இருக்குதா, இல்லீங்களா?" என்றாள்.

"எல்லாம் காலி வூடு. குடியிருந்தவன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான்."

அவள் சிரிக்கவில்லை. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் விரலை நனைத்து ஒரு நத்தையின் வாயருகே வைத்தாள். வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய தோல் ஓட்டின் வாயை அடைத்து, அதை மரத்தோடு ஒட்டி வைத்திருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. என் கால் மரத்துப்போன நேரத்தில் அந்தத் தோல் இளகியது. நூல் போல இரண்டு கொம்பு வெளியே வந்து, அவள் விரலைத் தொட்டு, உள்ளே போயிற்று.

"உள்ளதான் இருக்குது," என்றாள். "மழைக்காகக் காத்துட்டு இருக்குது."

அப்புறம் நானும் போக ஆரம்பித்தேன். எனக்கும் வேறு வேலை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவை இலையைத் தின்பதில்லை. ஈரக் காலத்தில் பட்டையில் படியும் பச்சைப் பாசியைத்தான் சுரண்டி மேயும். மேய்ந்த தடம் கோலம் அழிந்த மாதிரி பட்டையில் இருந்தது. வெயில் படாத பக்கமாகப் பார்த்துத்தான் அத்தனையும் ஒட்டியிருந்தன.

கோடை முற்றியபோது கிணற்றுக் கபிலையின் கம்பங்கள் பிளந்துவிட்டன. மாடு பூட்டித் தோல்பறியில் தண்ணீர் இறைக்கிற கபிலை அது. அதை நம்பித்தான் அண்ணன் புதிதாக மாங்கன்று வைத்திருந்தார். கம்பத்துக்குத் தோதாக எங்கள் நிலத்தில் இருந்த ஒரே மரம் அந்த வாகை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மரம் அறுப்பவரை வரச் சொன்னார்.

மரம் வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் அடியில் மஞ்சள் பூசி, கோடாலியைச் சாத்தி வைத்து, உத்தரவு கேட்பது வழக்கம். அண்ணன் கைகூப்பிச் சொன்னார்: "இதுல குடியிருக்கிற பறவை, பூச்சி, கண்ணுக்குத் தெரியாதவங்க எல்லாரும் வேற எடம் பாத்துக்கோங்க."

மறுநாள் காலை ரம்பத்தோடு போனால், மரத்துக்கு முன்னால் என் மனைவி நின்றாள்.

"மாமா, நீங்க சொன்னது குருவிக்குக் கேட்டிருக்கும். எறும்புக்குக் கேட்டிருக்கும். இதுங்க கதவைச் சாத்திக்கினு தூங்குதுங்க. எப்புடிங்க கேக்கும்?"

"ஏம்மா, நத்தைக்கெல்லாமா பஞ்சாயத்து?"

"எல்லாரும்னு சொன்னது நீங்கதானுங்களே மாமா."

"சரி, எப்பதான் எழுந்திரிக்கும்?"

"மழை வந்தா எறங்கிடுமுங்க."

"மழை வந்தா எனக்குக் கபிலை எதுக்கும்மா?"

மரம் அறுப்பவர் பட்டையைத் தடவிப் பார்த்தார். "ஆகல்ல சாமி," என்று கன்னடத்தில் மறுத்துவிட்டு, ரம்பத்தைச் சாக்கில் சுற்றினார். குடியிருப்பவர் போகாத மரத்தில் அவர் ரம்பம் வைப்பதில்லையாம்.

"டேய், உம் பொண்டாட்டிக்கு நீயாச்சும் சொல்லுடா," என்றார் அண்ணன். நான் குழந்தையின் மேல் அடுக்கிய கற்களைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி, எறங்கட்டும்."

அதிலிருந்து கயிறும் குடமும்தான். மூவரும் கையால் இறைத்தோம். எங்கள் இருவரையும்விட அவள் அதிகம் இறைத்தாள். என் உள்ளங்கை கொப்புளித்ததைப் பார்த்து, இவனுக்கும் கை உண்டு என்று ஊர் தெரிந்துகொண்டது. ஆனாலும் கன்றுகளில் பாதி கருகிப்போயின. "நத்தைக்கு இது பொறந்த வூடு, மாங்கன்னுக்கு மட்டும் மாமியார் வூடா?" என்று அண்ணி அவள் காதுபடக் கேட்டார். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஒரு விடியலில் மழை பிடித்தது. நாங்கள் போவதற்குள் மரம் முழுக்க நகர்ந்துகொண்டிருந்தது. நனைந்த ஓடுகளில் கோடுகள் புது வர்ணம் போல மின்னின. இறங்கியவை ஈர மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டன, சில அந்தக் கற்களின் இடுக்கிலேயே. பிறகு அவள் மண்ணை லேசாக விலக்கிக் காட்டினாள். ஜவ்வரிசி போல முட்டைகள். அப்படியே மூடினாள்.

மழை விட்டதும் அவளே அண்ணனிடம் போனாள். "மாமா, எறங்கிடுச்சிங்க. வெட்டிக்கோங்க."

"மழைதான் வந்துருச்சேம்மா. இருந்துட்டுப் போவட்டும்."

"அடுத்த கோடையும் வருமில்லீங்களா. கன்னுங்க செத்தது போதும் மாமா."

என்னைப் போன்ற சோம்பேறி நத்தைகள் சில கிளையிலேயே இருந்தன. அவற்றைக் கூடையில் பொறுக்கிப் பக்கத்துப் புங்க மரத்தில் விட்டாள். மரம் அறுப்பவர் திரும்ப வந்து ரம்பம் வைத்தார். கற்கள் மேல் விழாதபடி மரத்துக்குக் கயிறு கட்டி, அண்ணனும் நானும் எதிர்ப்பக்கம் இழுத்தோம். மரம் சாய்ந்தது.

தூசி அடங்கியதும் பார்த்தால், அந்த இடம் பளிச்சென்று வெட்டவெளியாக இருந்தது. அவள் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா மேல வெயில் படுதுங்க," என்றாள்.

பாப்பா என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். போய்ச் சூரியனுக்கும் கற்களுக்கும் நடுவில் நின்றேன். ஒல்லி உடம்பு. என் நிழல் ஒரு கழி அகலம்கூட இருக்காது.

"இன்னும் கொஞ்சம் இப்புடி வாங்க," என்றாள்.

நகர்ந்து நின்றேன்.