முதல் மூன்று மின்னல்கள்

எங்கள் அலுவலகத்தில் அவரை ஆஃப் அக்கா என்போம். நேரில் வெறும் அக்கா. முதுகுக்குப் பின்னால் ஆஃப் அக்கா. நாங்கள் வீடியோ கேம் செய்கிறவர்கள். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நல்லா இருக்கு. இதை ஆஃப் பண்ண வழி இருக்கா?" திரை குலுங்கினால் கேட்பார். நெருப்பு துடித்தால் கேட்பார். மேனேஜர் புதிதாக வாங்கிய கைக்கடிகாரம் பளிச் பளிச்சென்று அடித்தபோது அதற்கும் கேட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

அவர் வேலை டெஸ்டிங். நாங்கள் செய்ததை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். என் வேலை வெளிச்சம். விளையாட்டுக்குள் வருகிற விளக்கு, வெயில், தீ, மின்னல் எல்லாம் என் கைவேலை. மின்னலில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அதனால் என்னையே மின்னல் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் அக்காவுக்கும் ஏன் ஆகவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே வருவதற்கு முன் அவர் பதினான்கு வருடம் மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஓடுகிற பட்டையில் மாத்திரை அட்டைகள் போய்க்கொண்டே இருக்கும். எந்த அட்டையில் ஒரு குழி காலியாக இருக்கிறதோ அதைப் பிடித்து வெளியே போட வேண்டும். அந்த வேலைக்குக் கேமரா வைத்த பிறகு இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் எங்களிடம் வந்தார். முதல் நாள் கேம் கருவியைத் தலைகீழாகப் பிடித்தார். "இந்தம்மா பத்து நாள் தாங்குமா?" என்று நான்தான் கேட்டேன். பத்தாவது நாள் அவர் எழுதிக் கொடுத்த குறைகள் நாற்பத்தொன்று. அதில் பதினேழு என்னுடையவை. கண்கொத்திப் பாம்பு மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு ஒரு தம்பி. அப்பா அம்மா போனபோது அவனுக்குப் பதினொரு வயது, வளர்த்தது அக்காதான். பதினாறு வயதில் நண்பன் வீட்டில் ஏதோ கேம் விளையாடிக்கொண்டிருந்தபோது, திரையில் வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்க, அப்படியே விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. வலிப்பு. சிலருக்கு அடுத்தடுத்துப் பளிச்சிடும் வெளிச்சம் ஆகாது என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அதன்பிறகு அவர்கள் வீட்டில் துடிக்கிற விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. கேமும் கிடையாது.

அவன் வளர்ந்து வண்டி மெக்கானிக் ஆனான். நல்ல கைராசிக்காரன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் வலிப்பு உள்ளவனுக்கு ஓட்டுநர் உரிமம் தரமாட்டார்கள். தொடர்ந்து இரண்டு வருடம் வலிப்பே வராமல் இருந்து, மருத்துவர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. இடையில் ஒருமுறை வந்தால் போயிற்று, மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அதனால் அவன் சரிசெய்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேறொருவர் வர வேண்டும். இவன் பட்டறை வாசலில் கை துடைத்தபடி நின்று, வண்டி தெருமுனை திரும்பும்வரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

"அவன் கழட்டி மாட்டின வண்டியை அவனே ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்ப்பா. வேற எதுவும் அவன் கேக்கல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

இதைச் சொன்ன சமயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை. புயலில் சிக்கிய படகுக்காரனைப் பற்றிய கேம் அது. மின்னல் இல்லாமல் என்ன புயல்? நான் வஞ்சனை இல்லாமல் அடித்திருந்தேன். அக்கா ஒரு காகிதத்தோடு வந்தார். ஒரு நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்று அதில் இருந்தது. முடியாதவர்களுக்கு மின்னலையே மங்கலாக்கிக்கொள்ள அமைப்புகள் என்கிற செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு பொத்தான் வேண்டும் என்றும் இருந்தது.

"அக்கா, ஓவியம் வரையறவன்கிட்ட வந்து சிவப்பு வேண்டாம்னு சொல்வீங்களா?"

"சிவப்பைப் பாத்து யாரும் நாக்கைக் கடிச்சிக்கிட்டு விழுறதில்லப்பா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் ஒரு வருடம் அவர் விடவில்லை. மேனேஜரிடம் போனார், அவருக்கு மேலே இருந்தவரிடம் போனார். வாராவாரம் அதே காகிதம், அதே அடக்கமான குரல். கடைசியில் நான் வேண்டாவெறுப்பாகச் செய்து கொடுத்தேன். பொத்தானை அழுத்தினால் மின்னல் போய், வானம் மெதுவாக வெளுத்து மங்கும். அவர் எல்லாக் கட்டத்திலும் அதைச் சோதித்தார். தீவில், குகையில், படகு உடையும் இடத்தில், ஒரு இடம் விடாமல். ஒரு குறை இல்லை. அன்று எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு துண்டு.

இனிமேல் சொல்வதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேமைத் திறந்ததும் தானாக ஒரு தொடக்கக் காட்சி ஓடும். நாற்பது நொடி. இருட்டுக் கடல், மழை, படகு. மூன்று மின்னல்கள் நிதானமாக, ஒன்றை ஒன்று தேடிப் போகிற மாதிரி வரும். பிறகு பாய்மரம் முறியும்போது ஒரே நொடியில் ஏழு. அதன்பிறகுதான் முகப்புப் பக்கமே வரும். அமைப்புகள், பொத்தான் எல்லாம் அதற்குள்.

அதாவது, மின்னலை அணைக்கும் பொத்தானுக்குப் போக வேண்டுமானால் மின்னலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இவ்வளவு பேர் இருந்தும் இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு அறுபது தடவை கேமைத் திறக்கிறவர்கள் நாங்கள். அறுபது தடவையும் நாற்பது நொடி யார் உட்கார்ந்து பார்ப்பது? அதற்காக எஃப்-ஒன்பது என்ற குறுக்குப் பொத்தான் வைத்திருந்தோம். திறந்த கையோடு அதைத் தட்டினால் தொடக்கம் தாண்டிப் போய்விடும். விரல் தானாகப் போகும். எஃப்-ஒன்பதில் எழுத்தே அழிந்துபோன விசைப்பலகைகள் எங்களிடம் உண்டு. வெளியே விற்கிற கேமில் அந்தப் பொத்தான் கிடையாது என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருடமாக எங்கள் கேம் எப்படித் தொடங்குகிறது என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அதைச் செய்த நானும்தான்.

வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பு ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். அக்கா அதைத் துணிப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனார். தம்பிக்கு வலிப்பு வராமல் அப்போது இருபத்து மூன்றாவது மாதம். உரிமத்துக்கான படிவத்தைக்கூட நிரப்பி வைத்திருந்தான், தேதியை மட்டும் விட்டுவிட்டு.

ஞாயிறு காலை பத்து மணி. ஜன்னல் திரையை விலக்கி, அறையில் நல்ல வெளிச்சம் வைத்து, தூரத்தில் நாற்காலி போட்டு, ஒன்றுக்குப் பத்து தடவை சொல்லியிருக்கிறார்: "திறந்ததும் நேரா அமைப்புகளுக்குப் போ. மின்னலை ஆஃப் பண்ணு. அப்புறம்தான் ஆட்டம்." அவனும் அப்படியே செய்யத்தான் திறந்தான். பதினைந்து வருடம் கழித்து. அக்கா இரண்டு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மழைச் சத்தம் கேட்டுச்சுப்பா. இடி இடிச்சுது. என்ன சத்தம் இதுன்னு யோசிச்சேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "வெளியில வெயிலா இருக்கே, இடி எங்க இடிக்குதுன்னு ஜன்னலைத் திரும்பிப் பாத்தேன். நம்ம கேமோட சத்தமே எனக்குத் தெரியல. அந்த ஜன்னலைப் பாத்த நேரம் இருக்கே, அதுதான் எனக்கு..."

தம்பி நாற்காலியிலிருந்து விழுந்ததில் மேசை முனை இடித்துப் புருவம் பிளந்தது. ஒரு பல் போனது. இரண்டு நிமிடம் இழுத்து நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மருத்துவர் நல்ல மனிதர். படிவத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அக்கா செவ்வாய்க்கிழமை வந்தார். வந்ததும் உட்கார்ந்து ஒரு பக் எழுதினார். கேமில் தென்படும் குறையைப் பதிவு செய்வதை நாங்கள் அப்படிச் சொல்வோம். எந்தப் பக்குக்கும் ஒரே வடிவம்தான்: குறையை வரவழைக்கும் முறை, நடந்திருக்க வேண்டியது, நடந்தது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சரிசெய்வது யாராக இருந்தாலும், எழுதியவர் தானே சரிபார்த்த பிறகுதான் அதை மூட முடியும்.

அதை என் பெயருக்கு அனுப்பியிருந்தார். படித்தேன்.

ஒன்று, புதிய கணினியில் கேமை நிறுவுங்கள். இரண்டு, திறவுங்கள். மூன்று, கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் அழுத்தாதீர்கள். நடந்திருக்க வேண்டியது: மின்னல் வேண்டுமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். நடந்தது: என் தம்பி விழுந்துவிட்டான்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

வெளியீட்டுக்கு நான்கு நாள். மேனேஜர் கெட்டவர் அல்ல, ஆனால் பயந்த மனிதர். "அடுத்த மாசம் திருத்தம் அனுப்பும்போது சேத்துக்கலாம்மா. ஒருத்தருக்காக எல்லாத்தையும் நிறுத்த முடியுமா?" என்றார்.

"ஒருத்தன்தான் சார். எங்க வீட்டுல ஒருத்தன்" என்றார் அக்கா. "மத்த வீட்டைப் பத்தி எனக்குத் தெரியாது. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

டெஸ்டிங் கையெழுத்து இல்லாமல் கேம் வெளியே போகாது. மேனேஜர் என்னைப் பார்த்தார். அக்காவுக்கு எதிராக நான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். இத்தனை நாள் அப்படித்தானே பேசினேன். நான் மேசையில் ஓங்கி அடித்தேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. நல்ல வார்த்தைகள் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. பதினொரு நாள் தள்ளிப் போட்டார்கள்.

இப்போது கேமைத் திறந்தால் முதலில் கறுப்புத் திரை. அசையாத வெள்ளை எழுத்து. இதில் பளிச்சிடும் வெளிச்சம் உண்டு, வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். பதில் சொல்லும்வரை ஒரு துளி மழை பெய்யாது. அது போதாதென்று பாய்மரம் முறியும்போது வருகிற அந்த ஏழு மின்னலையும் யாரும் கேட்காமலே நான் இரண்டாகக் குறைத்தேன். காட்சியின் அழகு கொஞ்சமும் கெடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. எஃப்-ஒன்பதை எல்லாக் கணினியிலும் எடுத்துவிட்டோம். தினமும் காலையில் ஒருவர் கையை மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அக்கா ஏற்பாடு செய்தார். முதல் மாதம் முழுவதும் நானே உட்கார்ந்தேன்.

அக்கா சரிபார்த்தார், கையெழுத்துப் போட்டார், கேம் வெளியே போனது. ஆனால் அந்தப் பக்கை மட்டும் அவர் மூடவில்லை.

பட்டியலில் அது சிவப்பாகவே நின்றது. மேனேஜர் இரண்டு தடவை கேட்டார். நானும் கேட்டேன். "எல்லாம் சரியாயிடுச்சே அக்கா?"

"கேம் சரியாயிடுச்சு" என்றார். "நடந்ததுன்னு எழுதின வரி இன்னும் சரியாகலப்பா."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நாங்கள் அடுத்த கேமுக்குப் போனோம். அவர் அதிலும் இதை ஆஃப் பண்ண வழி இருக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் இப்போது சிரிப்பதில்லை.

இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும். ஒரு காலை நான் அலுவலக வாசலில் நின்றிருந்தேன். பழைய வேன் ஒன்று வந்து சீராக நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்து அக்கா இறங்கினார். ஓட்டி வந்தவனுக்கு இடது புருவத்தின் குறுக்கே வெள்ளைத் தழும்பு. அக்கா என்னைக் காட்டி அவனிடம் ஏதோ சொல்லிவிட்டு, நேரமாயிற்று என்று படியேறிப் போய்விட்டார். பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுப்போனாரோ என்னவோ.

மன்னிப்புக் கேட்க நான் எத்தனையோ தடவை வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவன்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"நீங்கதான் மின்னலா?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சு சார். நான் முதல் மூணுதான் பாத்தேன்."

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே பாராட்டினான். அதை நான் எப்படித் தாங்கிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா ஆஃப் பண்ணித் தர்றேன்னுதான் சொல்லுது" என்றான். "எனக்குத்தான் மனசு வரல. வேண்டாம்னுட்டேன். ஆனா அப்புறம் அந்தப் படகுக்காரனுக்கு என்ன ஆச்சு சார்?"

நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பாய்மரம் முறிவதைச் சொன்னேன், அவன் தண்ணீரில் விழுவதை, தீவில் கண் விழிப்பதை, குகையை, கடைசியில் கரையில் அவனுக்காக யார் நிற்கிறார்கள் என்பதை எல்லாம். வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி வேன் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டான்.

மேலே போய் என் கணினியைத் திறந்தபோது அந்தப் பக் மூடப்பட்டிருந்தது.