நான்காம் மாடி எருக்கு

சந்திரமதிக்குச் சகுனம் என்றாலே வேப்பங்காய். பத்தொன்பது வருடமாகப் பஸ் ஓட்டுகிறவள். "ராகு காலம் பாத்தா வண்டிய எடுக்க முடியுமா? பாசஞ்சர் என்னையே இறக்கி விட்டுடுவான் லா" என்பாள். டிப்போவில் அத்தனை பேரும் சிரிப்பார்கள்.

சிங்கப்பூர் தெம்பனிஸில் நான்காம் மாடி வீடு. கணவர் அண்ணாதுரை போனபிறகு, வேலை முடிந்து பிற்பகலில் வீடு திரும்பினால் பேச ஆளில்லை. அப்போதுதான் சமூக மன்றத்தில் ஒரு சனிக்கிழமை, தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் தோட்டம் போடுவது பற்றி யாரோ பேசியதைக் கேட்டாள். பூ மட்டும் வைத்தால் போதாதாம். வண்ணத்துப்பூச்சி முட்டையிட வேண்டும், புழு தின்ன இலை வேண்டும். பூவை மட்டும் வைப்பது விருந்தாளிக்குக் காப்பி கொடுத்து வாசலோடு அனுப்புகிற கதை என்று அவளுக்குப் பட்டது. வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் தொட்டிகள் வரிசையாக வந்தன. தேனீக்குச் சங்குப்பூ, துளசி, இட்லிப்பூ. புழுவுக்குக் கறிவேப்பிலை. வீட்டுச் செடியைப் புழு மொட்டையடிக்க விட்டுவிட்டு, ரசத்துக்குத் தேக்கா மார்க்கெட்டில் கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கிய பொம்பளை அவள் ஒருத்திதான்.

எருக்கு கடைசியாக வந்தது. கூட வேலை பார்க்கும் ஃபாரூக், உட்லண்ட்ஸில் தன் அடுக்குமாடி புளோக் தோட்டத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா, ஆரஞ்சு கலர் பட்டர்ஃபிளை இருக்குல்ல, அது முட்டை வெக்கிறது இதுலதான்" என்றான். பிப்ரவரியில் நட்டாள். நான்கே மாதத்தில் இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஜூன் மாதம் மகள் அனுப்ரியாவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. ஆண் குழந்தை.

கிளமெண்டி வீட்டில் குழந்தைக்கென்று பெயின்ட் அடித்து வைத்த அறையைப் பார்க்க முடியவில்லை என்று அம்மா வீட்டுக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. கணவன் ஆதவன் வேலை முடிந்து தினமும் வருவான், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவான். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வரும். ஏழு வாரம் இப்படியே ஓடியது. மகள் அந்த அறைக்கதவைத் தாண்டி ஒரு முறை வெளியே வந்தால் போதும், சந்திரமதிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாதுரையின் அக்கா லட்சுமி, பஃபலோ ரோட்டிலிருந்து மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் எருக்கைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சந்திரா, என்ன இது? எருக்க போய் யாராச்சும் வாசல்ல வெப்பாங்களா? பிள்ளையாருக்கு மாலை கட்டணும்னா கடையில வாங்கிக்க வேண்டியதுதானே. இது ஆளில்லாத வீட்டுல முளைக்கிறது."

"பூச்சிக்கு வெச்சேன் அண்ணி."

"எப்ப வெச்ச?"

"பிப்ரவரி."

 லட்சுமி மூடியிருந்த அறைக்கதவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். வாயைத் திறந்து திட்டியிருந்தால் சந்திரமதி பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். 

மறுநாள் பஸ் ஓட்டும்போது பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. ஒரு நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டாள், பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். எல்லாம் சுத்தப் பேத்தல் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பிள்ளை விஷயம். 

புதன்கிழமை அவளுக்கு லீவு. காலை எட்டு மணிக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். செடியில் புழு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். போன வாரம் இலையை அரித்துக்கொண்டிருந்த வரிப்புழு எதையும் காணோம். நல்லதாகப் போயிற்று, ஒரு உயிரும் போகாது என்று துண்டு துண்டாக வெட்டி, வேரையும் பிடுங்கி, அடுப்படியிலிருந்து கீழ்த்தளம் வரை போகும் குப்பைக் குழாய்க்குள் தள்ளினாள். நான்கு மாடி கீழே விழுகிற சத்தம் கேட்டது. கையெல்லாம் எருக்கம்பால். சோப்புப் போட்டுத் தேய்த்தும் பிசுபிசுப்பு போகவில்லை.

பத்தரை மணிக்கு அறைக்கதவு திறந்தது.

அனுப்ரியா தலையை வாரி முடிந்திருந்தாள். கையில் போன்.  செடி போய் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, பிள்ளை எழுந்து வந்துவிட்டாள்! லட்சுமி அண்ணியின் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சந்திரமதி பின்னால் போனாள். மகள் நேராகத் தாழ்வாரத்துக்குப் போய்க் காலித் தொட்டி முன்னால் நின்றாள்.

"அம்மா, செடி எங்க?"

"அது வேணாம்னு எடுத்துட்டேன்மா. நீ உக்காரு, காப்பி போடறேன்."

"எங்க போட்டீங்க?"

சந்திரமதி அடுப்படியைக் காட்டினாள்.

அனுப்ரியா போனை நீட்டினாள். முதல் படத்தில் இலையின் அடியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு முட்டை. அடுத்து நூல் மாதிரி ஒரு புழு. பிறகு விரல் நீளப் புழு. பிறகு இலைக்கு அடியில், இலையின் நிறத்திலேயே தொங்குகிற ஒரு கூடு. ஒவ்வொரு நாளும் ஒரு படம். சந்திரமதி புழுவைத்தான் தேடினாள், கூடு இருக்கும் என்று தோன்றவேயில்லை. கடைசிப் படம் நேற்று எடுத்தது. கூட்டின் தோல் கண்ணாடியாகி, உள்ளே மடித்த ஆரஞ்சு இறக்கை தெரிந்தது.

"நீங்க வேலைக்குப் போனப்புறம் தினம் பத்தரைக்கு வந்து பாப்பேன். Today it would have come out. இதாவது முழுசா வெளிய வரும்னு நெனச்சேன்மா."

அழவில்லை, கோபப்படவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சந்திரமதி கதவில் கை வைத்துக் கூப்பிட்டாள், மன்னிப்புக் கேட்டாள், ஃபாரூக்கிடம் வேறு குச்சி வாங்கித் தருகிறேன் என்றாள்.  மத்தியானம் வைத்த சோறு அப்படியே திரும்பி வந்தது.

மூன்று மணிக்கு லட்சுமி போன் செய்தாள்.

"எடுத்துட்டியா சந்திரா?"

"எடுத்துட்டேன் அண்ணி."

"நல்லது. பாரேன், இனிமே பொண்ணு தானா எழுந்து வெளிய வருவா."

"தினம் வந்துட்டுதான் இருந்திருக்கா அண்ணி" என்றாள் சந்திரமதி. "எனக்குத்தான் தெரியல."