துருப்பிடிக்க வேண்டிய குடை

டொமினிக்கால் இரும்பு உடைவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. மனிதர்களுக்குக் கை முறிந்தால் ஆறுதல் சொல்லிவிட்டு வந்து நன்றாகத் தூங்குவார். பக்கத்து வீட்டுக் கதவுக் கீல் கிறீச்சிட்டால் எழுந்து போய் எண்ணெய் விட்டுவிட்டு வந்துதான் படுப்பார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பதுபோல் அவர் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி வைத்திருப்பார். கல்யாணப் படத்திலேயே அது தெரிகிறது என்பார் அவர் மனைவி பார்பரா. படத்தைப் பார்த்தவர்கள் மறுக்கவில்லை.

கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் இருபத்தாறு வருடமாக ஃபிட்டர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே அலுவலகக் கணக்கும் ஸ்டோரும் பார்க்கும் சிவசாமியை இன்றைக்கும் குமாஸ்தாவின் பழைய பெயரில் கிராணி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவருக்குக் கதை படிக்கும் பழக்கம் உண்டு, இதையும் படித்துவிடுவார்.

டொமினிக்கின் வேலைகளில் ஒன்று, ஸ்டோருக்குத் திரும்பி வரும் சாமான்களைப் பார்த்து ‘இரும்பு பழுது’ என்று கையெழுத்துப் போடுவது. வருடா வருடம் செப்டம்பரில் ஒரு சாக்கு நிறையக் குடைகள் வரும். எல்லாவற்றிலும் கம்பி ஒரே இடத்தில் முறிந்திருக்கும். மலைக்காற்று எவ்வளவு கொடியது பார் என்று நொந்துகொண்டே கையெழுத்துப் போடுவார். இருபத்தைந்து வருடம் இப்படிக் காற்றைத் திட்டினார்.

இருபத்தாறாவது வருடச் செப்டம்பரில், ஸ்டோருக்குப் பின்னால் ஒரு குழாயைச் சரிசெய்யப் போனபோது, டக், டக் என்று சத்தம் கேட்டது. நாற்றங்காலில் வேலை செய்யும் பதினொரு பெண்களும் வரிசையாக நின்று ஆளுக்கொரு குடையை முழங்காலில் வைத்து முறித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள் வேலாயி, எல்லாரையும்விட மூத்தவள்.

“அக்கா! என்னா செய்றீங்க?”

“தெரியல? கொடைய ஒடைக்கிறேன்.”

“கம்பி நல்லாத்தானே இருக்கு!”

“அதனாலதான் தம்பி ஒடைக்கிறேன். ஒடைஞ்சிருந்தா நான் ஏன் ஒடைக்கப்போறேன்?”

டொமினிக் குழாயை மறந்து அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். வேலாயி பக்கத்தில் குந்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினாள்.

ஸ்டோரில் ஒரு பட்டியல் இருக்கிறது. வெள்ளைக்கார துரை காலத்தில் எழுதியது. மண்வெட்டி, பாராங் கத்தி, கவாத்துக் கத்தரி என்று போய்க் கடைசியில் குடை. கீழே ஒரே விதி: இரும்பு பழுதானால் தோட்டம் மாற்றித் தரும், மற்றதெல்லாம் தொழிலாளி பொறுப்பு. மண்வெட்டிக்குப் பிடி உடைந்தால் தொழிலாளி தானே காட்டில் ஒரு கம்பு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். குடைக்குத் துணி கிழிந்தால்? அதுவும் பிடியைப் போலத்தான் என்றது பட்டியல். ஆகவே துணி கிழிந்த குடையோடு போனால், “கம்பி ரோசாக் ஆகலயே, பழுதில்லையே, போங்க போங்க” என்பார் சிவசாமி. கம்பியும் உடைந்திருந்தால் புதுக் குடை வரும்.

துரை எதிரே வந்தால், கொட்டும் மழையிலும் கூலிக்காரன் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. துரை கப்பலேறிப் போய்விட்டார். பட்டியல் போகவில்லை. அதில் ‘துணி’ என்று இன்னொரு சொல் சேர்க்க அரை நிமிடம் போதும், அந்த அரை நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லை. நனையாமல் வேலைக்குப் போகப் பதினொரு பெண்கள் வருடத்துக்கு ஒரு தடவை நல்ல இரும்பை முறித்து, காற்றின்மேல் பழிபோட வேண்டியிருந்தது. பணிவு இல்லை, நேர்மை இல்லை என்று இவர்களைப் பற்றி அலுவலகத்தில் பேசிக்கொள்வார்களாம். முறிக்க வைத்தது யார் என்று அங்கே பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை.

டொமினிக்குக்கு அநியாயம் இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் உறைத்தது இரும்பு.

“இருபத்தஞ்சு வருஷம், பார்பரா. அத்தனையும் நல்ல கம்பி. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“அழுவாதீங்க. சாப்பிடுங்க.”

“கம்பி அப்படியே இருக்கணும். துணிய மட்டும் கழட்டி மாத்தணும். தலகாணி உறை மாதிரி.”

“தலகாணிய யாரும் காத்துல தூக்கிட்டு நடக்கிறதில்லீங்க,” என்றார் பார்பரா.

அவர் சொன்னது சரியென்று முதல் மாதிரியிலேயே தெரிந்தது. குடைத்துணியின் எட்டு மூலைகளையும் நாடா வைத்துக் கம்பி நுனிகளில் கட்டினார் டொமினிக். ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது அடித்த முதல் காற்றிலேயே துணி கழன்று சாலையைக் கடந்து பேருந்து நிலையப் பக்கம் போனது. டொமினிக் எலும்புக்கூட்டைப் பிடித்தபடி சபையார் நடுவே கொஞ்ச நேரம் நின்றார். “இப்ப யாருக்கு நெழல் பிடிக்கிறீங்க?” என்று கேட்டார் பார்பரா.

இரண்டாவது மாதிரியில் பிரஸ் பட்டன். துணி மூலையில் ஒரு காது, அது கம்பி நுனியைச் சுற்றி மடங்கிப் பட்டனில் பூட்டிக்கொள்ளும். காற்றுக்கு அசையவில்லை. சோதனைக்கு வேலாயியின் குடையைக் கேட்டு வாங்கினார். ஆனால் பட்டன் இரும்பு. பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கும் மலை இது. ஆறு வாரத்தில் எட்டுப் பட்டனும் துருவேறி, வேலாயி ஒன்றைத் திறக்கப் பார்த்தபோது நடுவில் பிளந்து கையோடு வந்தது. டொமினிக் அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்பராவிடம் கொடுத்து, தன் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொன்னார்.

மூன்றாவதில் இரும்பே இல்லை. காய்கறித் தோட்டங்களில் தண்ணீர் சொட்டவிடும் மெல்லிய கறுப்புக் குழாயை விரல்கணு நீளத்துக்கு வெட்டித் துணி மூலைகளில் தைத்தால், கம்பி நுனிகள் அதற்குள் போய் இறுக உட்கார்ந்தன. உச்சியில், தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தை அறுத்துக் குடைத்தண்டில் ஒட்டி, துணியின் நடுத் துளையை அதில் மாட்டி, மேலே பாட்டில் மூடியைத் திருகினார். ஒவ்வொரு குடையின் தலையிலும் ஒரு நீல மூடி.

இதை டொமினிக்கின் கண்டுபிடிப்பு என்றுதான் தோட்டம் சொல்கிறது. கம்பி கடையில் வாங்கியது, மூடி குப்பையில் எடுத்தது. மீதி துணி. டொமினிக் வரைந்து கொடுத்த எட்டு முக்கோணங்களைத் தைத்தால் குடை தவளை வயிறு மாதிரி தொங்கியது. பக்கங்கள் நேர்கோடாக இருக்கக் கூடாது, நடுவில் சற்று வளைய வேண்டும் என்று கண்டுபிடித்தது பார்பரா. அந்த வளைவு கிடைக்க ஏழு துணிகளை வெட்டிப் பார்த்தார். உடைந்த குடைகளில் கிழியாமல் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்தே பதினொரு உறைகள் தைத்தார். ஒரே குடையில் எட்டு வகைப் பச்சை. இருந்தும் பார்பரா குடை என்று யாரும் சொல்லவில்லை. டொமினிக்கும் சொல்லவில்லை, நல்ல மனிதர்தான்.

அடுத்த செப்டம்பரில் ஸ்டோருக்குப் பின்னால் டக் சத்தம் கேட்கவில்லை. சாக்கு காலியாக வந்தது. டொமினிக் சீட்டி அடித்துக்கொண்டு தேயிலை உருட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டார்.

அக்டோபரில் மழை இறங்கியது. உறைகள் பழைய துணிதானே, மூன்றாம் வாரமே தையலோரம் விட்டுக் கிழிய ஆரம்பித்தன. மிச்சத் துண்டுகளும் தீர்ந்துபோயின. பெண்கள் ஸ்டோருக்குப் போய், முழுக் குடை வேண்டாம், துணி மட்டும் கொடுங்கள் என்று கேட்டார்கள். எவ்வளவு நியாயமான கோரிக்கை! சிவசாமி பட்டியலைத் திறந்தார். மறுநாள் காலை ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘குடைகளின் இரும்பு நல்ல நிலையில் இருப்பதால் இவ்வாண்டு மாற்றுக் குடை இல்லை. கழற்றி மாட்டும் வசதி இருப்பதால் துணியைத் தொழிலாளர்களே மாற்றிக்கொள்ளலாம்.’

அன்று சாயங்காலம் பதினொரு பேரும் டொமினிக் வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து நாற்றங்காலுக்கு அரைமணி நேரம் நடக்க வேண்டும். நனைந்த துணியோடு நாள் முழுக்க குளிரில் குனிந்து நிற்க வேண்டும். நவம்பர், டிசம்பர் இனிமேல்தான்.

“தம்பி, நீங்க நல்லவரு. ஆனா நீங்க கண்டுபிடிச்சதுல எங்க கொட போச்சு,” என்றாள் வேலாயி.

“நான் கம்பியக் காப்பாத்தத்தான் அக்கா…”

“கம்பி நல்லாத்தான் இருக்கு. நாங்கதான் நனையிறோம்.”

“பழையபடி ஒடைச்சிரலாம் லா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஒடைச்சா இந்த வருஷம் கிராணி நம்பமாட்டாரு. போன மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சேன்னு கேப்பாரு. எழுதியே ஒட்டிட்டாரு,” என்றாள் வேலாயி.

டொமினிக் சட்டைப் பைக் குப்பியைத் தடவிக்கொண்டார். பார்பரா எழுந்து அலமாரியின் அடித்தட்டைத் துழாவி, துருக்கறை படிந்த ஒரு பச்சைத் துணியை எடுத்து வந்து மேசையில் போட்டார். இரண்டாவது மாதிரி.

“என்னாங்க, இந்தப் பட்டன் எதுல செஞ்சது?”

“இரும்பு. மட்டமான இரும்பு. அத ஏன் இப்ப…”

“ரோசாக் ஆயிருக்கா, இல்லையா?”

டொமினிக் துணியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை, வலி. தண்ணீரும் துருவும் அண்டாத மூன்றாவது மாதிரியை, இரும்பே இல்லாத தன் வெற்றியை, கழற்றி எறியச் சொல்கிறார் பார்பரா. ஆறு வாரத்தில் உளுத்துப்போகும் ஒன்றைத் தெரிந்தே ஒரு ஃபிட்டர் செய்ய வேண்டும்.

“வேற வழியில்லையா?”

“இருக்கு. நீங்க போய் இவங்க பதினொரு பேருக்கும் தெனம் காலையில கொட பிடிங்க.”

மறுநாள் பெரட்டுக்கு மேனேஜரும் வந்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன இளைஞர். வேலாயி அந்தத் துருப்பட்டன் துணியை மாட்டிய தன் குடையை நீட்டினாள். கம்பி பளபளத்தது, துணியில் எட்டுத் துருப்புண்கள்.

“இரும்பு பழுதுங்க ஐயா.”

“எங்க பழுது? கம்பி சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு,” என்றார் சிவசாமி.

“பட்டன், ஐயா.”

“பட்டன் துணியில சேர்ந்தது.”

டொமினிக் முன்னால் வந்தார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து உறைக்கு மேலே பிடித்தார். துணி தானாக எழும்பி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

“இரும்பு பழுது. நான் பாத்துட்டேன், கையெழுத்தும் போட்டுட்டேன்,” என்று சீட்டை நீட்டினார். இருபத்தாறு வருடத்தில் குடைக்காக அவர் போட்ட முதல் உண்மையான கையெழுத்து அது.

சிவசாமி பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தார். எந்த இரும்பு என்று துரை எழுதி வைக்கவில்லை.

“பழுதான உருப்படிய மாத்தணும்னு இருக்கு, சார். அப்படின்னா உறைய மாத்தணும்…”

மேனேஜர் காந்தத்தை வாங்கித் தானும் ஒரு தடவை ஒட்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உறை தைக்கச் சொல்லுங்க. நல்ல துணி, தோட்டச் செலவு. எல்லாத்துலயும் இந்தப் பட்டன் இருக்கட்டும்.”

“பேசாம பட்டியல்லயே துணின்னு எழுதிடலாமே சார்?” என்றார் பெண்களோடு வந்திருந்த பார்பரா.

“அதுக்குத் தலைமை அலுவலகத்துக்கு எழுதணும். ரெண்டு வருஷம் ஆகும். பட்டன் சீக்கிரம்.”

ஒரு சொல்லை எழுதுவதைவிட எண்பத்தெட்டு பட்டன் வாங்குவது எளிது என்று நிர்வாகம் முடிவெடுத்த விதம் இதுதான். உறை தைக்கும் வேலை, கூலியோடு, பார்பராவுக்கு வந்தது. கேட்டு வாங்கினார்.

சனிக்கிழமை டொமினிக் மோட்டார் சைக்கிளில் தானா ராத்தா டவுனுக்குப் போனார். மீரான் கடையில் ஊசியிலிருந்து உழவு சாமான் வரை கிடைக்கும். மீரான் மூன்று வகைப் பட்டன்களை எடுத்துப் பரப்பினார்.

“இது பித்தள, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது. இது பிளாஸ்டிக்.”

டொமினிக் குரலைத் தாழ்த்தினார். “பாய், நல்லா துருப்பிடிக்கிற மாதிரி இருக்கா?”

மீரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். துருப்பிடிச்சிருச்சுன்னு சண்டைக்கு வந்தவங்க உண்டு. துருப்பிடிக்கணும்னு கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான் லா.”

“எவ்ளோ சீக்கிரம் பிடிக்கும்?”

“அத நான் சொல்லித்தான் விக்கணுமா?” என்றபடி மீரான் பின்னறைக்குப் போய், விற்காமல் கிடந்த ஒரு பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். திறந்ததுமே இரண்டு பட்டனில் செம்பழுப்பு தெரிந்தது. டொமினிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினார்.

நவம்பர் முதல் வாரம் புது உறை மாட்டிய பதினொரு குடைகள், ஒரே பச்சையில், தேயிலைச் சரிவில் வரிசையாக ஏறிப்போயின. மழை பிடித்துக்கொண்டது. யாரும் நனையவில்லை. இரண்டாம் வாரம், நாற்றங்கால் குழாயைப் பார்க்க வந்த டொமினிக், சுவரோரம் சாத்தி வைத்திருந்த குடைகளுக்கு முன்னால் குந்தினார். ஒரு பட்டனை விரலால் தடவினார். லேசாகச் சொரசொரத்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் கைவிட்டார்.

“தம்பி!”

நாற்றுகளுக்கு நடுவிலிருந்து வேலாயி மண் கையோடு ஓடி வந்தாள்.

“எண்ணெய உள்ள வைங்க! வைங்கன்னா! அடுத்த வருஷம் நான் நனையணுமா?”

டொமினிக் குப்பியை மெல்லப் பைக்குள் விட்டார். எழுந்தவர் போகவில்லை. அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலாயி குடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அவர் கைக்கு எட்டாத ஆணியில் மாட்டத் தொடங்கினாள்.