வேப்பமரத்தடியில் ஒரு செய்முறைத் தேர்வு

பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வில் மார்க் குறைந்தால் பதினொன்றில் சயின்ஸ் குரூப் கேட்டுத் தன்னிடம் வரக் கூடாது என்று டீச்சர் முன்பே சொல்லிவிட்டார். எனக்கோ நர்ஸ் ஆகியே தீர வேண்டும். வருடம் முழுக்க சோதனைகளை டீச்சர்தான் செய்து காட்டினார். நாங்கள் ரெக்கார்டில் அழகாகப் படம் வரைந்து கலர் அடித்தோம். தேர்வு மட்டும் எங்கள் கையை நம்பியிருந்தது.

எனக்கு வந்தது மயில்துத்தம். சோதனைக் குழாயில் போட்டுச் சூடுபடுத்தினால் உள்ளே நீர்த்துளி படியும், நீலம் வெளுக்கும். மனப்பாடம்தான். ஆனால் சுற்றிலும் அலமாரி நிறைய ரசாயன பாட்டில்கள், நடுவில் ஸ்பிரிட் விளக்கைப் பொருத்தச் சொல்கிறார்கள். என் அம்மா அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவர். வேலை முடிந்து வந்து அவர் குளித்து உடுப்பு மாற்றும்வரை எங்கள் வீட்டில் அடுப்பே எரியாது. மருந்தும் நெருப்பும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. அதை வீட்டில் யாரும் எனக்குத் தனியாகச் சொல்லித் தந்ததுகூட இல்லை.

விளக்கையும் குழாயையும் எடுத்துக்கொண்டு நான் பாட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் கூடப் பரீட்சை எழுதிய அத்தனை பேரும் பின்னாலேயே வருகிறார்கள். எல்லாம் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்தானே. கடைசியாக, தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த சாரும் வந்தார்.

"எங்கேம்மா எல்லாரும் கிளம்பிட்டீங்க?"

"உள்ள அம்புட்டு மருந்து இருக்கு சார்."

"இது வெடிக்காதும்மா."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாக."

சார் மீசையைத் தடவுகிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டார். இங்கேயே செய், ஆனால் முடிவைக் கண்ணில் காட்டினால்தான் மார்க் என்றார்.

மாசிக் காற்றுக்கு என் நர்ஸ் கனவைப் பற்றி என்ன தெரியும்? பொருத்தப் பொருத்த விளக்கு அணைந்தது. தீப்பெட்டிக்குப் பேர்போன ஜில்லாவில் பிறந்து ஒரு விளக்கு ஏற்றத் துப்பில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏலே, அட்டையைப் பிடிங்கலே" என்றான் ஒருவன். பரீட்சை அட்டைகளெல்லாம் சேர்ந்து என்னைச் சுற்றிச் சுவராக நின்றன. சுடர் நிமிர்ந்தது. குழாயில் துளி படிந்தது, நீலம் மெல்ல வெளுத்தது. சார் குனிந்து பார்த்து, முழு மார்க் என்று என் காதில் விழும்படியே சொன்னார். பிறகு பக்கத்தில் வந்து நின்ற டீச்சரிடம், தன் ஊர்ப் பிள்ளைகள் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே விளக்கைப் பொருத்தும், இந்தப் பயமெல்லாம் அதுகளுக்குத் தெரியாது என்றார்.

சாயங்காலம் அம்மா குளித்துவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்தச் சார் ஊருப் பிள்ளைகளுக்கு இது ஒண்ணுமே தெரியாதாமா?"

"ஒண்ணுமே தெரியாதாம்மா."

"குடுத்து வச்ச பிள்ளைக" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

அம்மா அவர்களைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். முழு மார்க் வாங்கிய பெருமையில், அந்த ஊர்ப் பிள்ளைகளை நினைத்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.