ஓரின் வைத்த குறி

எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் வெர்லாவிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. அவளோடு வேலை பார்க்கும் நானே பார்த்துத்தான் பேசுவேன். மார்ச் மாதம் கணவன் ஓரின் இறந்தபோதுகூட மறு வாரமே வந்து உருளைக்கிழங்கு மசித்தவள்.

இந்த வருஷம் மான் வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. ஓரினின் துப்பாக்கியைத்தான் எடுத்துப் போவேன் என்றாள். குறி பார்க்க அதன் மேல் பொருத்திய தொலைநோக்கி பளபளவென்று வெள்ளி நிறம். எங்கள் வயோமிங் மாநிலத்து வெட்டவெளியில் அது வெயிலில் மின்னினால் மான்கள் அடுத்த மாவட்டத்துக்கே ஓடிவிடும். பெயிண்ட் அடியென்று எத்தனை முறை சொன்னாலும் ஓரின் சிரிப்பான். “நான் வர்றது மானுக்கும் தெரியட்டுமே, மரியாதைதானே!”

பக்கத்து வீட்டு டிவைட் மங்கலான பழுப்பு ஸ்பிரே டப்பாவைக் கொடுத்தார். “தொலைநோக்கியையும் அதைப் பிடிச்சிருக்கிற வளையத்தையும் கழட்டித் தனித்தனியா அடி வெர்லா. அப்பதான் ஒழுங்கா வரும்.”

“கழட்ட மாட்டேன். போன வருஷம் ஓரின் சுட்டுச் சுட்டு, குண்டு விழுற இடத்துக்கு நேரா குறி வச்சது. திருகைத் தொட்டா அது போயிடும்.”

“போனா மறுபடி வச்சுக்கலாம்.”

“அவன் வருவானா வைக்க?”

கண்ணாடிக்கும் குறியைத் திருத்தும் குமிழ்களுக்கும் டேப் ஒட்டி, துப்பாக்கியில் இருந்தபடியே அடித்து, கராஜில் காய வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். எங்கள் ஊரில் கராஜை யாரும் பூட்டுவதில்லை. டிவைட் எட்டிப் பார்த்திருக்கிறார். வளைய இடுக்கில் பெயிண்ட் வழிந்து திட்டுத்திட்டாக நின்றிருக்கிறது. மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, தின்னரால் துடைத்து, அழகாக அடித்து, கம்பியில் தொங்கவிட்டுவிட்டார்.

சாயங்காலம் நானும் அவளோடு போயிருந்தேன். கம்பியைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

“உன்னை யாருய்யா தொடச் சொன்னது?”

“வழிஞ்சிருந்துச்சு வெர்லா...”

“வழிஞ்சா வழியட்டும்! எங்கிட்ட அவன் கை பட்டபடி இருந்தது அது ஒண்ணுதான்!”

டிவைட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உதவி செய்கிறேன் என்று வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஆனாலும் அன்று அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பெயிண்ட் காய்ந்ததும் அவரே எல்லாவற்றையும் மாட்டித் தந்தார். சனிக்கிழமை மறுபடி குறி வைக்க மூவரும் ஊருக்கு வெளியே சரளை வெட்டிய குழிக்குப் போனோம். அவர் அட்டைப்பெட்டியில் காகிதம் ஒட்டி வைத்தார். வெர்லா குப்புறப் படுத்துச் சுட்டாள். முதல் குண்டு இடப்பக்கம் விலகியது. குமிழைத் திருகினாள், சுட்டாள், மறுபடி திருகினாள். கடைசியில் குண்டுகள் நட்டநடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன.

டிவைட்டுக்குத் தலைகால் புரியவில்லை. “ஓரின்கூட இப்படி வச்சதில்ல!”

வெர்லா எழுந்திருக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இறுதிச் சடங்கில் அழாதவள், அங்கே சரளையில் கிடந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

“இப்ப இது என் துப்பாக்கி ஆயிடுச்சு,” என்றாள். “நான் கேட்டேனா இதை?”